மெல்லிய தகடும் மெய்யான பற்றும்



கொச்சி நகரத்தின் மட்டாஞ்சேரிப் பகுதியிலே கொச்சங்காடி என்றோர் இடம் உண்டு. யூதர்கள் முற்காலத்தில் அங்கே கட்டியிருந்த தொழுகைக் கூடம் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆயினும் 1344-ஆம் ஆண்டைக் குறிக்கும் அதன் எபிரேயக் கல்வெட்டு அழியாமல் எஞ்சி, இன்று மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தில் காப்பாற்றப்பட்டு வருகிறது. வரலாற்றில் ஆர்வமுடையோர் அந்தக் கல்லைப் பற்றிப் பேசுவர். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது கல்லைப் பற்றியன்று, இரும்பைப் பற்றி. அதிலும், நகத்தின் கனமே உள்ள மெல்லிய இரும்புத் தகட்டை மற்றோர் இரும்போடு பற்றவைப்பது எப்படி, பற்றவைத்தது பற்றியதா இல்லையா என்று அறிவது எப்படி என்பதைப் பற்றி.

கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகக் காகிதத்தோடு காலம் கழிக்கும் எனக்கு வெல்டிங் தொழிலைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. என் கையால் நான் ஓரங்குல நீளம்கூடப் பற்றவைத்ததில்லை. ஆனால் என் பேனாவால் ஒரு பற்று பொய்த்துப் போனதுண்டு. அந்தக் கதையைச் சொன்னால், தொழில் செய்வோர்க்கும் தொழில் செய்விப்போர்க்கும் ஓரளவு பயன்படும் என்று நம்புகிறேன்.

கொச்சங்காடியில் நான் குடியிருந்த தெருவின் முனையிலே ஒரு சிறு பட்டறை. ஆட்டோ ரிக்ஷாக்கள், சிறு வேன்கள் ஆகியவற்றின் உடற்பகுதியில் துருப்பிடித்த இடங்களை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய தகடு வைத்துக் கொடுப்பது அங்கே நடக்கும் வேலை. கடலும் காயலும் சூழ்ந்த ஊர். ஆண்டில் பாதி மழை. துருவுக்குப் பஞ்சமில்லை, ஆதலால் வேலைக்கும் பஞ்சமில்லை. பட்டறையின் மேஸ்திரி தென்காசிப் பக்கத்தவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் செங்கோட்டைக் கணவாய் வழியே பிழைப்புத் தேடி வந்தவர், அங்கேயே நிலைத்துவிட்டார். அவருடைய தமக்கை மகன், இருபது வயது இளைஞன், அவரிடமே தொழில் பழகி வந்தான்.

மேஸ்திரி தம் வாழ்நாள் முழுதும் ராடு வெல்டிங் செய்தவர். மேற்பூச்சு உடைய குச்சியைப் பிடியில் மாட்டி, தீப்பொறி பறக்கப் பற்றவைக்கும் பழைய முறை அது. தடித்த இரும்புக்கு அது நன்று. மெல்லிய தகட்டுக்கோ அது முரட்டு மருந்து. கண் மூடித் திறப்பதற்குள் ஓட்டை விழுந்துவிடும். ஆகவே மேஸ்திரி கடன் வாங்கி, பிறர் பயன்படுத்திக் கைமாற்றிய மிக் வெல்டிங் இயந்திரம் ஒன்றை வாங்கினார். நம் தொழிலாளர் பலர் இதனைச் சி.ஓ.டூ வெல்டிங் என்பர். இயந்திரத்தோடு ஆங்கிலத்தில் ஒரு கைப்புத்தகமும் வந்தது. "சார், நீங்க மொழிபெயர்க்கிறவங்கதானே, இதைக் கொஞ்சம் தமிழ்ல எழுதிக் குடுங்க" என்று அதை என்னிடம் கொண்டுவந்தார். ஒரு மாத காலம் மாலை வேளைகளில் அமர்ந்து, நாற்பது பக்கங்களையும் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். இளைஞன் அதைப் பாடப் புத்தகம்போல் படித்தான்.

இந்த முறையின் இயல்பை முதலிற் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைத்துப்பாக்கி போன்ற ஒரு கருவியின் முனையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று இடைவிடாமல் வெளியே வந்துகொண்டிருக்கும். மின்சாரம் அந்தக் கம்பியின் வழியே தகட்டிற் பாயும்போது கம்பியும் தகடும் உருகி ஒன்றாகும. கம்பியைச் சுற்றியுள்ள குழல்வாயிலிருந்து ஒரு வாயு வீசி, உருகிய உலோகத்தைக் காற்றுப் படாமற் காக்கும். 1948-இல் அமெரிக்காவின் பாட்டெல் ஆய்வு நிலையத்தில் அலுமினியத்துக்காக இம்முறை உருவாக்கப்பட்டது. அப்போது ஆர்கான் போன்ற விலையுயர்ந்த மந்த வாயுக்களே பயன்பட்டன. 1953-இல் சோவியத் அறிஞர்கள் மலிவான கரியமில வாயுவைக் கொண்டே இரும்பைப் பற்றவைக்கலாம் என்று காட்டிய பின்னரே இது எளியவர் பட்டறைக்கும் எட்டியது.

மெல்லிய தகட்டுக்கு இம்முறை பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. குறைந்த மின்னழுத்தத்தில், கம்பியின் நுனி உருகிய குட்டையைத் தொடும், தொட்டதும் நுனி உருகி அறும், மீண்டும் தொடும். இவ்வாறு ஒரு வினாடிக்கு 20 முதல் 200 முறை வரை நிகழும். தொட்டும் விட்டும் நடப்பதால் தகட்டிற் சேரும் வெப்பம் குறைவு. ஓட்டை விழாமைக்கு இதுவே காரணம். ஆனால் நேயர்களே, இந்த நன்மைக்குள்ளேயே ஒரு வஞ்சகமும் ஒளிந்திருக்கிறது. வெப்பம் குறைவாக இருப்பதால், கம்பி மட்டும் உருகித் தகட்டின்மேற் படிந்து, தகடு உருகாமலே இருந்துவிடக்கூடும். மேலே பார்த்தால் அழகான வரி. கீழே ஒட்டுறவே இராது.

பற்றவைத்த இடத்தில் எழுந்து நிற்கும் அந்த வரியை ஆங்கிலத்தில் பீட் என்பர். அகராதியைப் பார்த்து நான் அதற்கு "மணி" என்று எழுதியிருந்தேன். மேஸ்திரி சிரித்துவிட்டார். "மணியா, சார்? பார்த்தா தையல் மாதிரியில்ல இருக்கு" என்றார். அன்று முதல் எங்களுக்குள் அது தையல் ஆயிற்று. இந்தப் பேச்சிலும் அவ்வாறே சொல்கிறேன்.

"மணி" சிரிப்போடு போயிற்று. வேறொரு பிழை அவ்வாறு போகவில்லை.

பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் சிறு வேன் ஒன்று பட்டறைக்கு வந்தது. ஏறும் படியின் தகடு முழுதும் துருத்து அரித்துப் போயிருந்தது. அடியிலுள்ள ஆங்கிள் சட்டம் 3 மில்லிமீட்டர் கனம். அது நன்றாகவே இருந்தது. அதன்மேல் 18 கேஜ் தகடு, அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். மறுநாட் காலை வேன் ஓட வேண்டுமென்பதால் மாலை ஏழு மணிக்கு மேல் இளைஞன் அந்த வேலையைச் செய்தான். தையல் வரிசையாக, ஒரே சீராக இருந்தது. நானும் அதைப் பார்த்தேன், பாராட்டவும் செய்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேனைக் கழுவிக்கொண்டிருந்த ஓட்டுநர் படியின் ஓரம் சற்றே தூக்கியிருப்பதைக் கண்டு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மேஸ்திரி உளியை நுழைத்து ஒரு தட்டுத் தட்டினார். ஒரு சாண் நீளத் தையல், காய்ந்த பசை உரிவதுபோல, ஆங்கிள் சட்டத்தினின்று முழுதாக உரிந்து வந்தது. தகட்டை அது பற்றியிருந்தது. சட்டத்தை அது தொட்டதேயன்றிப் பற்றவில்லை. உரிந்த இடத்தில் சட்டத்தின் மேல் பழைய உளிக்கோடுகூட அழியாமல் அப்படியே தெரிந்தது. நாள்தோறும் எத்தனை சிறு பாதங்கள் அதன்மேல் ஏறி இறங்கியிருக்கும்! மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. இளைஞனின் முகம் கறுத்துவிட்டது.

"புத்தகத்துல இருக்கிறபடிதான் மாமா செஞ்சேன்" என்றான் அவன். நான் எழுதிய தாள்களைக் கொண்டுவந்து காட்டினான். குறைகளும் பரிகாரங்களும் என்ற அட்டவணையில், கோல்டு லேப் என்னும் குறையை நான் "குளிர்ந்த மடிப்பு" என்று எழுதியிருந்தேன். காரணம் என்ற இடத்தில் "மிகக் குளிர்ந்திருத்தல்" என்றும், பரிகாரம் என்ற இடத்தில் "சூட்டை அதிகப்படுத்துக" என்றும் எழுதியிருந்தேன். சொல்லுக்குச் சொல் சரியே. அதைப் படித்த இளைஞன் என்ன புரிந்துகொண்டான்? தகடு குளிர்ந்திருப்பதுதான் தவறு என்று எண்ணி, ஊதுவிளக்கால் தகட்டை முதலிற் சூடாக்கிவிட்டு, இயந்திரத்தின் திருகுகளைத் தொடாமலே பற்றவைத்திருக்கிறான். பற்றவைத்த பின் விரைவில் ஆறிவிடக்கூடாது என்று ஈரமில்லாத சாக்கைக் கொண்டு மூடியும் வைத்திருக்கிறான். வெல்டிங்காரர் மொழியில் சூடு என்பது ஊதுவிளக்கின் சூடன்று. இயந்திரம் தரும் மின்னழுத்தமும் மின்னோட்டமுமே சூடு. அந்த நுட்பம் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

வேலையின் பிழை அவன் கையில் இருந்தது உண்மை. அதில் என் பங்கை நான் மறுக்க முடியவில்லை. அன்றே அவர்களிடம் அதைச் சொன்னேன். மேஸ்திரி, "விடுங்க சார், குழந்தைகளுக்கு ஒண்ணும் ஆகலை. இப்ப என்ன செய்யணும்னு பார்ப்போம்" என்றார். படியை முழுதும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த வேலைக்கு முன்பாக நாள் முழுதும் கழிவுத் தகட்டுத் துண்டுகளில் சோதனை செய்வதென்று முடிவாயிற்று. நான் ஒரு வண்ணப்பூச்சு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அமர்ந்து, பென்சிலும் தாளுமாகக் குறித்துக்கொண்டேன். மேஸ்திரி விதித்த விதி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் குணமாயிற்று என்று தெரியாது. வைத்தியத்துக்கும் அதுவே விதி அல்லவா?

அன்று நாங்கள் கற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, தகட்டின் தூய்மை. ராடு வெல்டிங் சிறிது துருவைப் பொறுத்துக்கொள்ளும். இது பொறுத்துக்கொள்ளாது. துரு, வண்ணப்பூச்சு, எண்ணெய் ஆகியவை இருந்தால் அவை எரிந்து ஆவியாகி, உருகிய உலோகத்துக்குள் குமிழிகளாகச் சிக்கும். தையலில் புழு அரித்ததுபோல் துளைகள் விழும். எனவே பற்றும் இடத்தின் இருபுறமும் ஓர் அங்குலமேனும் கிரைண்டரால் தேய்த்து, வெள்ளி போல் பளிச்சிடச் செய்ய வேண்டும். துத்தநாகம் பூசிய தகடாயின் இன்னும் கவனம் தேவை. இரும்பு உருக ஏறத்தாழ 1,500 பாகை வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி தையலையும் கெடுக்கும். மூச்சிற் கலந்தால் குளிர்காய்ச்சல் போன்ற நோயையும் உண்டாக்கும்.

தூய்மை என்னும்போது எர்த் கவ்வியை மறக்கலாகாது. மின்சாரம் போவதற்கு ஒரு வழி எப்படியோ, திரும்பி வருவதற்கும் அப்படியே ஒரு வழி வேண்டும். வண்ணத்தின்மேல் கவ்வியை மாட்டிவிட்டு, இயந்திரம் சரியில்லை என்று நொந்துகொள்வோர் பலர். கவ்வி பிடிக்கும் இடத்தையும் தேய்த்து, வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுவது நன்று. வண்டியின் பாட்டரி இணைப்பை முன்னதாகக் கழற்றிவிடுவதும் வேண்டும்.

இரண்டாவது, கம்பியின் பாதை. கம்பி தடங்கலின்றி ஒரே வேகத்தில் வந்தால்தான் தையல் ஒரே சீராக இருக்கும். விக்கி விக்கி வந்தால் தையலும் முண்டும் முடிச்சுமாகும். கம்பியைத் தள்ளும் உருளையின் பள்ளம் கம்பியின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். உருளையை அளவுக்கு மீறி இறுக்கினால் கம்பி நசுங்கும், தளரவிட்டால் வழுக்கும். துப்பாக்கிக்குச் செல்லும் குழாய் வளைந்து நெளிந்து கிடந்தாலும், அதனுள்ளே தூசி அடைந்தாலும் கம்பி திணறும். முனையிலுள்ள செம்பு டிப் தேய்ந்து ஓட்டை பெரிதாகிவிட்டால், கம்பி அதனுள் ஆடும். மின்சாரம் விட்டு விட்டுப் பாயும். எங்கள் இயந்திரத்தில் 0.8 மில்லிமீட்டர் கம்பிக்கு முந்தைய உடையவர் 1 மில்லிமீட்டர் டிப்பை மாட்டி வைத்திருந்தார். சில ரூபாய்ப் பொருள்; அதை மாற்றியதுமே பாதி நடுக்கம் நின்றது.

மூன்றாவது, வாயு. இதிலேதான் கொச்சங்காடியின் காற்று தன் பங்கைச் செய்தது. காலையில் நன்றாக வரும் தையல், பிற்பகலிற் சல்லடைக் கண்ணாகத் துளை விழுவதை இளைஞன் முன்பே கவனித்திருந்தான். காரணம் அவனுக்குப் புலப்படவில்லை. அன்று பிற்பகல் துளை விழத் தொடங்கியதும், மேஸ்திரி எழுந்து மேற்குப் பக்கத்துக் கதவைச் சாத்தினார். துளை நின்றது. திறந்தார், துளை விழுந்தது. கடற்காற்று எழும் நேரம் அது. குழல்வாயினின்று வரும் வாயு மெல்லிய போர்வை போன்றது. வினாடிக்கு 2 மீட்டர் வேகமுள்ள காற்றே அதைக் கலைத்துவிடப் போதும். நம் உடம்புக்கு அது இதமான தென்றலாகத்தான் தோன்றும். மின்விசிறியும் அவ்வாறே. புழுக்கம் தாளாமல் அருகே விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டு பற்றவைப்பவர் தம் வேலையைத் தாமே ஊதிக் கெடுத்துக்கொள்கிறார்.

துளை விழுந்தால் வாயுவை மேலும் மேலும் திறந்துவிடுவது பலருடைய வழக்கம். நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரை போதுமானது. அதற்கு மேல் மிகுதியாகத் திறந்தால் வாயு சுழன்று, வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். துளை கூடுமேயன்றிக் குறையாது. குழல்வாயில் தெறித்து ஒட்டிய உலோகத் துணுக்குகளையும் அவ்வப்போது சுரண்டி எடுக்க வேண்டும். கரியமில வாயு உருளையைப் பற்றி ஒரு செய்தி. அதனுள்ளே வாயு திரவமாக இருக்கிறது. திரவம் எஞ்சியிருக்கும் வரை அழுத்தமானியின் முள் பெரும்பாலும் இறங்காது. எனவே முள்ளைப் பார்த்து உருளை நிறைந்திருப்பதாக நம்பலாகாது; எடை போட்டுப் பார்ப்பதே வழி. வாயு வெளியேறும்போது குளிர்ந்து ரெகுலேட்டரில் உறைபனி கட்டும். அதற்கென உள்ள ஹீட்டரை மாட்டாமல் விட்டால் வாயு தடைப்பட்டு வரும்.

நான்காவதே முக்கியமானது: மின்னழுத்தமும் கம்பியின் வேகமும். இயந்திரத்தின் முகப்பில் இரண்டு திருகுகள். ஒன்று மின்னழுத்தம், மற்றொன்று கம்பியின் வேகம். கம்பியின் வேகம் கூடினால் மின்னோட்டமும் கூடும். இவ்விரண்டும் கணவனும் மனைவியும் போல ஒன்றற்கொன்று இசைந்து நடக்க வேண்டும். தகட்டின் கனம் 1 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்பது மெல்லிய தகட்டுக்குப் பலர் கொள்ளும் தொடக்கக் கணக்கு. 0.8 மில்லிமீட்டர் கம்பிக்கு 16, 17 வோல்ட்டில் தொடங்கிப் பார்க்கலாம். டிப்பிற்கு வெளியே கம்பி 6 முதல் 10 மில்லிமீட்டர் வரையே நீண்டிருக்க வேண்டும். துப்பாக்கியை விலக்கிப் பிடித்து அதை நீளவிட்டால் வெப்பம் குறையும். வாயுவின் காப்பும் குறையும்.

இசைவு சரியா என்று கண்ணைவிடக் காது முன்னதாகச் சொல்லும். எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவதுபோல ஓயாத, ஒரே சீரான ஓசை எழுமாயின் இரண்டும் இசைந்திருக்கின்றன. "பட், பட்" என்று வெடித்துத் துணுக்குகள் தெறித்து, கம்பி தகட்டில் முட்டித் துப்பாக்கியைப் பின்னுக்குத் தள்ளுமாயின், கம்பி மிகுதி அல்லது மின்னழுத்தம் குறைவு. கம்பி வந்து சேருமுன்னே உருகிப் பெரிய பெரிய சொட்டாக விழுந்து, டிப்பிலேயே போய் ஒட்டிக்கொள்ளுமாயின், கம்பி குறைவு அல்லது மின்னழுத்தம் மிகுதி.

பின்னர்க் கண்ணாற் பார்க்கலாம். கயிற்றைக் கிடத்தியதுபோல் தையல் உயர்ந்து உருண்டு, அதன் விளிம்பு தகட்டோடு கலவாமல் தனித்துத் தெரிந்தால், அது சூடு போதாத தையல். வேனின் படியில் இருந்தது அதுவே. சீராக இருந்ததால் நான் அதை அழகென்று மயங்கினேன். தட்டையாக அகன்று பரவி, விளிம்புகள் தகட்டோடு கரைந்து, பின்புறத்தில் வெப்பத்தின் வரி மெல்லத் தெரிவது நல்ல தையல். பின்புறம் தொங்கிச் சொட்டினாலோ ஓட்டை விழுந்தாலோ சூடு மிகுதி, அல்லது கை நகரும் வேகம் குறைவு. தையலின் ஓரத்தில் தகட்டை அரித்து ஒரு வாய்க்கால் ஓடினால், அதற்கும் மின்னழுத்த மிகுதியோ கையின் கோணப் பிழையோ காரணம்.

அப்படியானால் வேனின் படி ஏன் பற்றவில்லை? இரண்டு காரணங்கள் தெரிந்தன. மெல்லிய தகட்டையும் தடித்த சட்டத்தையும் சேர்க்கும்போது, தகட்டுக்கு ஏற்ற சூடு சட்டத்துக்குப் போதாது. சட்டம் வெப்பத்தை விழுங்கிவிடும். ஆகவே சூட்டைச் சிறிது கூட்டி, சுடரைத் தடித்த சட்டத்தின்மேலேயே பெரிதும் நிறுத்தி, உருகிய குட்டை விரிந்து தகட்டின் விளிம்பை வந்து நனைக்கும்படி செய்ய வேண்டும். இளைஞன், ஓட்டை விழுமே என்ற அச்சத்தால் சூட்டையும் கூட்டவில்லை. சுடரையும் தகட்டின் பக்கமே வைத்திருந்தான்.

இரண்டாவது காரணத்தை அவனே கண்டுபிடித்தான். அதே திருகு நிலைகளில் காலையிற் செய்த துண்டுகள் நன்றாகப் பற்றின. வேலை நடந்ததோ இரவு ஏழு மணிக்கு மேல். இரவு வந்ததும் மீண்டும் செய்து பார்த்தான், ஓசையே மாறியிருந்தது. தெருவெங்கும் விளக்கும் விசிறியும் ஓடும் நேரத்தில் அங்கே மின்சாரத்தின் அழுத்தம் தாழ்ந்துவிடுகிறது. பழைய வகை இயந்திரமாதலால் அந்தத் தாழ்வு அப்படியே சுடரிலும் தெரிகிறது. போதாக்குறைக்கு, நீண்ட மெல்லிய வயர் ஒன்றைச் சுருள் பிரிக்காமலே இணைத்திருந்தார்கள். வயரைத் தடித்ததாகவும் குட்டையானதாகவும் மாற்றினார்கள். அன்றாடம் வேலைக்கு முன் அதே கனமுள்ள கழிவுத் துண்டில் ஒரு தையல் இட்டுப் பார்ப்பதென்றும், நேரம் மாறினால் மீண்டும் இட்டுப் பார்ப்பதென்றும் விதி செய்துகொண்டார்கள்.

ஓட்டை விழும் என்ற அச்சத்துக்கும் மருந்து உண்டு. மெல்லிய தகட்டில் நீண்ட தையலை ஒரே ஓட்டமாக இடக்கூடாது. முதலில் ஓரங்குலத்துக்கு ஒன்றாகப் பொட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இங்கே சிறிது, அங்கே சிறிது என்று இடம் மாற்றி மாற்றி இட்டு, இடையிடையே ஆறவிட வேண்டும். அவ்வாறு செய்தால் தகடு அப்பளம்போல் நெளிவதும் குறையும். இரு தகடுகளுக்கிடையே சந்து இருந்தால் ஓட்டை விழுவது உறுதி. ஆதலால் பொருத்துவதிற் செலவிடும் நேரம் வீண் அன்று. பின்புறம் ஒரு செம்புப் பட்டையை வைத்து அழுத்திக்கொண்டால், அது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்; செம்பில் இரும்பு ஒட்டுவதும் இல்லை. வசதியுள்ளோர் தனிக் கரியமில வாயுவுக்குப் பதிலாக, ஆர்கானோடு கலந்த வாயுவைப் பயன்படுத்தலாம். தெறிப்புக் குறையும், சுடரும் மென்மையாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சோதனை. பற்றவைத்த துண்டை வைஸில் பிடித்து, சம்மட்டியால் மடக்கிப் பார்க்க வேண்டும். தையல் உரிந்து வந்தால் அது பற்றில்லை. தகடு கிழிந்து, தையல் நிலைத்தால் அதுவே பற்று. அன்று இரவு எட்டு மணி அளவில், இளைஞன் இட்ட தையல் ஒன்றை மேஸ்திரி மடக்கினார். தகடு கிழிந்தது; தையல் அசையவில்லை. அவர் அந்தத் துண்டை ஒன்றும் சொல்லாமல் மருமகன் கையிற் கொடுத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான். அதற்குப் பிறகுதான் வேனின் படிக்குப் புதுத் தகடு வெட்டினார்கள். கூலி வாங்கவில்லை. நடந்ததை ஓட்டுநரிடம் மறைக்கவும் இல்லை.

வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைகள் ஏறும் படி, இருக்கையின் கால், கைப்பிடி ஆகிய இடங்களில் பற்றவைத்து வாங்கினால், வண்ணம் பூசுவதற்கு முன்னர்ப் பார்த்துவிடுங்கள். விளிம்பு கரைந்திருக்கிறதா, துளை இருக்கிறதா, பின்புறம் வெப்பத்தின் அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். வண்ணமும் பட்டியும் எந்தப் பொய்யையும் மூடிவிடும். வேலையை அவசரப்படுத்தாதீர்கள். தொழில் செய்யும் தம்பிகளுக்கும் ஒரு சொல்: முகமூடியும் கையுறையும் இன்றி ஒரு பொட்டும் வைக்காதீர்கள். வாயு அடைந்து கிடக்கும் குழிக்குள் இறங்கி வேலை செய்யாதீர்கள். காற்றைத் தடுக்கத் தட்டி வைப்பது வேறு, மூச்சு விட இடமின்றி அறையை அடைப்பது வேறு. எரிபொருள் டாங்கியின் அருகே சுடரைக் கொண்டு செல்லாதீர்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன். மறுவாரம் அந்தத் தாள்களை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். இம்முறை என் மேசையில் அமர்ந்து எழுதவில்லை. பட்டறையிலேயே அமர்ந்து எழுதினேன். ஒவ்வொரு வரியையும் இளைஞனுக்குப் படித்துக் காட்டி, "இதைப் படித்தால் நீ கையால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். அவன் செய்து காட்டியது நூலாசிரியன் கருத்தோடு ஒத்தால் வரி நின்றது. ஒவ்வாவிட்டால் வரி மாறியது. "குளிர்ந்த மடிப்பு" போய், "அடி உருகாமல் மேலே படிதல்" வந்தது. "சூட்டை அதிகப்படுத்துக" போய், "மின்னழுத்தத் திருகை ஒரு படி கூட்டுக, சுடரைத் தடித்த இரும்பின்மேல் நிறுத்துக" வந்தது. நாற்பது பக்கம் ஐம்பத்திரண்டு பக்கம் ஆயிற்று. இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்புத் தொழில் செய்தும், இந்தச் சோதனையை அதுவரை நான் எந்த நூலுக்கும் செய்ததில்லை.

வெளி மாநிலங்களில் நம்மவர் பலர் இத்தகைய தொழில்களில் இருக்கின்றனர். ஊரின் மொழி ஒன்று, நூலின் மொழி ஒன்று, மனத்தின் மொழி ஒன்று. இம்மூன்றுக்கும் இடையே அறிவு சிந்திப் போகாமற் காப்பது கடினமே. ஆயினும் உதவிகள் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான வெல்டர் பாடநூல்களைச் சென்னையிலுள்ள தேசியப் பயிற்று ஊடக நிறுவனம் தமிழிலும் வெளியிட்டு வருகிறது. திருச்சிராப்பள்ளியில், பாரத மிகுமின் நிறுவனத்தைச் சார்ந்து 1975-இல் அமைந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பயிற்சியும் அளித்து வருகிறது. 2022-இல் கடற்படையிற் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் கட்டப்பட்டது இதே கொச்சியில்தான். அந்தப் பெருங்கப்பலின் பற்றுக்கும் கொச்சங்காடி வேனின் பற்றுக்கும் விதி ஒன்றே: இரு பக்கமும் உருகினாலன்றி இணைப்பு இல்லை.

இளைஞன் அடுத்த தொழில் தேர்வுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். அந்த ஐம்பத்திரண்டு பக்கத்தையும் தன் கையால் படியெடுத்து, கம்பம் பக்கத்திலிருந்து வந்து வேறொரு பட்டறையில் வேலை பார்க்கும் நண்பனுக்குக் கொடுத்திருப்பதாகவும் சொன்னான். படியிலிருந்து உரிந்து வந்த அந்த ஒரு சாண் தையலை நான் கேட்டு வாங்கிவந்தேன். அலுவலகத்தில் என் மேசைமேல் காகிதங்கள் பறவாமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் மொழிபெயர்த்து முடிந்ததும், பார்வை தானே அதன்மேற் சென்று விழுகிறது. அந்தப் பக்கத்தை எடுத்து இன்னும் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.